வைரத்துக்கு ஒரு ஹைட்ரஜன் போர்வை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உட்கார்ந்துகொண்டு வைரத்தைப் பற்றி எதற்கு ஒரு பக்கம்?

இங்கே ஒரு தங்கக்கடையின் மாடியில் எஸ்.டி.பி.எம். (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தேர்வு) மாணவர்களுக்கு இயற்பியல் டியூஷன் எடுக்கிறேன். அதற்கு முன்பு சில ஆண்டுகள் ஓர் ஆய்வகத்தில் வைரப் படலங்களின் மேற்பரப்பை அளக்கும் வேலை. இதை ஒருநாள் வகுப்பில் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து மாணவர்கள், அழைத்துப்போக வரும் பெற்றோர், கீழே கடையில் உட்கார்ந்திருக்கும் அண்ணன் என்று ஆளுக்கொரு கேள்வி கேட்கிறார்கள். ஒரே பதிலைப் பத்துத் தடவை சொல்லிச் சலித்துப்போய் எழுதி வைத்தது இது.

தமிழில் எழுதக் காரணம் உண்டு. நம் பிள்ளைகளுக்கு ஆறாம் ஆண்டோடு தமிழ்வழிப் பாடம் முடிந்துவிடுகிறது. ‘இணைதிறன் பட்டை’ என்று சொன்னால் முதலில் சிரிப்பார்கள். இரண்டு வாரத்தில் பழகிவிடும்.

வைரம் மின்சாரத்தைக் கடத்தாது என்றுதானே படித்தோம்?

சரியாகத்தான் படித்தீர்கள். வைரத்தில் ஒவ்வொரு கார்பன் அணுவும் தன்னைச் சுற்றியுள்ள நான்கு கார்பன்களைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. நான்கு எலக்ட்ரான், நான்கு பிணைப்பு, கையில் உதிரி கிடையாது. பிணைப்பில் மாட்டிய எலக்ட்ரான்கள் இருக்கும் மாடிதான் இணைதிறன் பட்டை. அதற்கு மேலே, எலக்ட்ரான் தாராளமாக ஓடக்கூடிய கடத்தல் பட்டை. இரண்டுக்கும் நடுவே 5.47 எலக்ட்ரான் வோல்ட் (எலக்ட்ரானின் ஆற்றலை அளக்கும் அலகு) அளவுக்கு ஒன்றுமில்லாத இடைவெளி. சிலிக்கனில் இதே இடைவெளி 1.12தான். அறை வெப்பம் ஒரு துகளுக்குத் தரும் ஆற்றல் சுமார் 0.026 எலக்ட்ரான் வோல்ட். அதை வைத்துக்கொண்டு 5.47 ஏறுவது நடக்காத காரியம்.

போரான் கலந்த நீல வைரங்கள் மட்டும் ஓரளவு கடத்தும். வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஹோப் வைரம் அந்த இனம்.

உள்ளே அப்படி. மேற்பரப்பில் என்ன வேறு?

படிகம் எங்காவது ஓரிடத்தில் முடிந்துதானே ஆக வேண்டும். முடியும் இடத்தில் இருக்கும் கார்பனுக்கு மேலே பிடித்துக்கொள்ள ஆள் இல்லை. கை நீட்டியபடி நிற்கும் அந்தப் பிணைப்பைத் தொங்கு பிணைப்பு என்கிறோம். வெற்றிடத்தில் சுத்தமான வைர முகம் இந்த நிலையில் சும்மா இருக்காது. பக்கத்து அணுக்கள் தங்களுக்குள் கை கோத்துக்கொள்ளும். (100) முகத்தில் (படிகம் எந்தத் திசையில் வெட்டப்பட்டது என்பதைச் சொல்லும் எண்கள் இவை) இரண்டிரண்டாக ஜோடி சேரும். (111) முகத்தில் வளைந்து வளைந்து போகும் சங்கிலிகளாக அடுக்கிக்கொள்ளும். எலக்ட்ரான் கணக்கில் இதன் விளைவு, உள்ளே காலியாக இருந்த அந்த 5.47 இடைவெளிக்குள் எலக்ட்ரான் தங்கக்கூடிய சில ஆற்றல் மட்டங்கள் மேற்பரப்புக்கென்றே முளைப்பது.

(100) முகத்தில் ஒரு சதுர சென்டிமீட்டரில் ஏறத்தாழ 1,570 லட்சம் கோடி கார்பன் அணுக்கள் இருக்கின்றன. இந்த எண்ணைப் பிறகு கேட்பேன், மறந்துவிடாதீர்கள்.

அந்தத் தொங்கு பிணைப்புகளில் ஹைட்ரஜனை மாட்டுவதுதான் போர்வை என்றால், ஹைட்ரஜன் சிலிண்டரைத் திறந்துவிட்டால் ஒட்டிக்கொள்ளுமா?

ஒட்டாது. சிலிண்டரில் இருப்பது இரண்டிரண்டாகச் சேர்ந்த ஹைட்ரஜன் மூலக்கூறு. அந்த ஜோடியைப் பிரிக்கவே ஏறத்தாழ 4.5 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். ஆகவே முதலில் அதைத் தனி அணுக்களாக உடைக்க வேண்டும். மைக்ரோவேவ் கொண்டு பிளாஸ்மா (மின்னேற்றம் பெற்று ஒளிரும் வாயு) மூட்டுவது ஒரு வழி. நம் சமையலறை அடுப்பில் இருக்கும் அதே 2.45 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைதான், ஆனால் கருவி வேறு. சுமார் 2,000 டிகிரிக்குச் சூடேற்றிய டங்ஸ்டன் கம்பிமேல் வாயுவை ஓட்டுவது இன்னொரு வழி. வைரத்தையும் எழுநூறு, எண்ணூறு டிகிரி சூட்டில் வைத்திருப்பார்கள். சில நிமிடங்களில் மேலே இருக்கும் ஒவ்வொரு கார்பனும் ஒரு ஹைட்ரஜனைப் பிடித்துக்கொள்ளும்.

இதைப் படித்துவிட்டு ஒரு பையன் வீட்டு மைக்ரோவேவில் முயலலாமா என்று கேட்டான். கூடாது. ஹைட்ரஜனும் காற்றும் கலந்தால் வெடிக்கும்.

ஹைட்ரஜன் ஏறியதும் எலக்ட்ரான் அமைப்பில் என்னதான் மாறுகிறது?

இரண்டு மாற்றங்கள். முதலாவது எளிது. தொங்கிக்கொண்டிருந்த கைகளுக்குப் பிடிமானம் கிடைத்துவிட்டதால் இடைவெளிக்குள் முளைத்திருந்த மேற்பரப்பு மட்டங்கள் அங்கிருந்து விலகிவிடும். இடைவெளி மறுபடி துப்புரவாகும்.

இரண்டாவதுதான் விஷயம். எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுக்கும் குணம் கார்பனுக்கு 2.55 என்றால் ஹைட்ரஜனுக்கு 2.20. அதனால் பிணைப்பில் இருக்கும் எலக்ட்ரான் கொஞ்சம் கார்பன் பக்கமாகச் சாய்கிறது. வெளியே இருக்கும் ஹைட்ரஜன் லேசாக நேர்மம், உள்ளே இருக்கும் கார்பன் லேசாக எதிர்மம். ஒரு பிணைப்பில் இது பெரிய விஷயமே இல்லை. மேலே சொன்ன 1,570 லட்சம் கோடி பிணைப்புகளும் ஒரே பக்கம் பார்த்து நின்றால்? வைரத்தின் மேல் ஒரு மின்னழுத்தப் படிக்கட்டே உருவாகிவிடுகிறது.

அந்தப் படியின் உயரத்தை எலக்ட்ரான் நாட்டம் என்ற அளவில் பார்க்கலாம். கடத்தல் பட்டையின் அடியில் இருக்கும் ஓர் எலக்ட்ரான் வெளியேற எவ்வளவு ஏற வேண்டும் என்பதுதான் அது. சுத்தமான (100) முகத்துக்கு சுமார் 0.5 எலக்ட்ரான் வோல்ட். ஆக்சிஜன் போர்த்தினால் சுமார் 1.7. ஹைட்ரஜன் போர்த்தினால் சுமார் −1.3. ஓர் அணு தடிமனுள்ள போர்வையை மாற்றியதற்கு 3 எலக்ட்ரான் வோல்ட் வித்தியாசம்! முதல்முறை இந்த எண்களைப் பார்த்தபோது கணக்கில் எங்கோ பிழை என்றுதான் நினைத்தேன்.

ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒன்று சொன்னால் புரியும். மங்கில் (மரத்தில் கட்டிய கிண்ணத்தில்) வடியும் ரப்பர் பால் ஏன் பாலாகவே இருக்கிறது? அதிலுள்ள ரப்பர் துகள்களின் மேல்தோலில் எதிர்ம மின்னேற்றம் இருக்கிறது. ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன. ஸ்டோரில் (பால் சேர்க்கும் கொட்டகையில்) ஃபார்மிக் ஆசிட் ஊற்றியதும் அந்தத் தோலின் மின்னேற்றம் அடங்கி, எல்லாம் சேர்ந்து கட்டியாகிவிடுகிறது. துகளுக்குள்ளே இருக்கும் ரப்பர் அதே ரப்பர்தான். தோலில் கை வைத்ததற்கே வாளியில் இருப்பதன் குணம் மாறிவிடுகிறது. இந்த ஒப்பீட்டை ரொம்ப தூரம் இழுக்கக் கூடாது. ரப்பர் துகளின் தோலில் இருப்பது நிகர மின்னேற்றம். வைரத்தின் மேல் இருப்பது இருமுனை, அதாவது ஒரு முனை நேர்மம், மறுமுனை எதிர்மம், கூட்டிக் கழித்தால் பூச்சியம்.

எலக்ட்ரான் நாட்டம் எதிர்மமாக இருந்தால் என்ன நடக்கும்?

நம் ஊர்க் கடைவரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். சாதாரணமாகக் கடை வாசலில் ஒரு படி உயர்ந்திருக்கும். உள்ளே உருளும் கோலிக்குண்டு அந்தப் படியில் முட்டி நின்றுவிடும். ஹைட்ரஜன் போர்த்திய வைரத்தில் கடையின் தரை வெளியே இருக்கும் அஞ்சடியைவிட (கடைவாசல் நடைபாதையைவிட) உயரம். வாசல்வரை வந்த குண்டு தானாக வெளியே விழும்.

1979-இல் ஹிம்ப்செல் குழுவினர் வைரத்தின் (111) முகத்தில் ஒளி பாய்ச்சி, இப்படி எலக்ட்ரான் தடையின்றி வெளியேறுவதை அளந்து காட்டினார்கள். அதில் ஹைட்ரஜனின் பங்கு பிறகுதான் தெளிவானது. 2013-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹேமர்ஸ் குழு இதைத் தண்ணீருக்குள் செய்தது. ஹைட்ரஜன் போர்த்திய வைரத்தின்மேல் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சினார்கள். எலக்ட்ரான்கள் நேரே தண்ணீருக்குள் குதித்து, அதில் கரைந்திருந்த நைட்ரஜனை அமோனியாவாக மாற்றின. ரப்பர் பால் கட்டாமல் இருக்க ஊற்றுவார்களே, அதே அமோனியா.

ஒரு சிக்கல் உண்டு. வாசலில் படி இல்லாவிட்டாலும் கடைக்குள் குண்டு இருக்க வேண்டும். வைரத்தின் கடத்தல் பட்டை சாதாரணமாகக் காலி. 5.47 எலக்ட்ரான் வோல்ட் கொடுத்து ஏற்றிவிட, சுமார் 227 நானோமீட்டருக்கும் குறைந்த அலைநீளம் வேண்டும்.

அப்படியென்றால் ஹைட்ரஜன் போட்ட வைரம் மின்சாரம் கடத்துவது அந்த எலக்ட்ரான்களாலா?

இல்லை. அதிகம் பேர் குழம்பும் இடம் இதுதான், நானும் குழம்பியவன். கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

1989-இல் லேண்ட்ஸ்ட்ராஸ், ரவி என்ற இருவர், ஹைட்ரஜன் பிளாஸ்மாவில் வைத்தெடுத்த வைரத்தின் மின்தடை பல படிகள் குறைந்துபோவதைச் சொன்னார்கள். கடத்தியவை எலக்ட்ரான்கள் அல்ல, இணைதிறன் பட்டையில் எலக்ட்ரான் விட்டுப்போன காலியிடங்கள், அதாவது துளைகள். சரி, எலக்ட்ரான் எங்கே போனது? ஹைட்ரஜன் வைரத்துக்குள்ளே புகுந்து அங்குள்ள குறைகளை அடைத்துவிடுகிறது என்பது முதலில் சொன்ன விளக்கம். பத்து ஆண்டுக்கும் மேலாக ஆளுக்கொரு விளக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

என் கதை இங்கே வருகிறது. ஒரு மாதிரியை அளந்தேன், நன்றாகக் கடத்தியது. வெற்றிடக் கலத்தில் வைத்து, அழுக்குப் போகட்டும் என்று சில நூறு டிகிரிக்குச் சூடாக்கி ஆறவிட்டேன். மறுபடி அளந்தால் ஒன்றுமே இல்லை. கம்பி இணைப்பு விட்டுப்போச்சு என்று நினைத்து வெளியே எடுத்து ஒட்டினேன். கொஞ்சம் கடத்தியது. மறுபடி உள்ளே வைத்துச் சூடாக்கினேன், செத்துவிட்டது. இப்படியே நான்கு நாள் அந்தக் கம்பியைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் பக்கத்து மேசைக்காரர் வந்து, “கம்பிய விடு. அத வெளிய எடுத்துட்டுப் போய் டீ குடிச்சிட்டு வந்து பாரு” என்றார். போய் வந்து அளந்தேன். உயிர் வந்திருந்தது. மறுநாள் காலையில் இன்னும் நன்றாகக் கடத்தியது.

இந்த உண்மையைத்தான் 2000-இல் ஜெர்மனியின் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் மையர், ரிஸ்டைன், லை முதலானோர் ஒழுங்காகச் சோதித்து எழுதினார்கள். ஹைட்ரஜன் போர்வை மட்டும் போதாது. அதன்மேல் காற்றும் பட வேண்டும். காற்றிலுள்ள ஈரம் வைரத்தின்மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாகப் படிகிறது. அதில் கார்பன் டை ஆக்சைடு கரைந்து லேசாக அமிலமாகிறது. அந்தத் தண்ணீர்த் தோல்தான் எலக்ட்ரானை வாங்கிக்கொள்கிறது.

தண்ணீர் ஏன் வைரத்திலிருந்து எலக்ட்ரானை வாங்க வேண்டும்? ஹைட்ரஜன் இல்லாத வைரத்தில் ஏன் வாங்குவதில்லை?

படிக்கட்டுக் கணக்குதான். வெளியை, அதாவது வெற்றிட மட்டத்தை, பூச்சியம் என்று வையுங்கள். ஆக்சிஜன் போர்த்திய வைரத்தில் எலக்ட்ரான்கள் நிறைந்த இணைதிறன் பட்டையின் மேல்விளிம்பு 1.7-ஐயும் 5.47-ஐயும் கூட்டினால் வரும் 7.2 எலக்ட்ரான் வோல்ட் ஆழத்தில் இருக்கிறது. ஹைட்ரஜன் போர்த்தியதில் 5.47-இலிருந்து 1.3-ஐக் கழிக்க வேண்டும், சுமார் 4.2 ஆழம். மேற்சொன்ன ஈரப்படலம் எலக்ட்ரானை வாங்கி வைத்துக்கொள்ளும் மட்டமும் ஏறத்தாழ அதே ஆழம், கணக்குப்படி 4.26 அளவில். வைரத்தின் விளிம்பு அதற்குக் கொஞ்சம் மேலே இருப்பதால் எலக்ட்ரான் வழிந்து தண்ணீருக்குப் போகிறது. அங்கே ஹைட்ரோனியம் அயனி (அமிலத் தண்ணீரில் இருக்கும் நேர்ம அயனி) அதை வாங்கி ஹைட்ரஜனாக மாறுகிறது. பைகார்பனேட் போன்ற எதிர்ம அயனிகள் படலத்தில் மிஞ்சி நிற்கின்றன. அவற்றுக்கு ஈடாக வைரத்தின் தோலுக்குள் துளைகள் தங்குகின்றன. இரண்டு பக்கமும் சமமானதும் வழிதல் நின்றுவிடும்.

இப்படி மேலே படிந்த ஒன்றுக்கு எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டுத் துளையை வைத்துக்கொள்வதை மேற்பரப்புப் பரிமாற்ற மாசூட்டல் என்று சொல்லலாம். வைரத்துக்குள் ஓர் அந்நிய அணுவைக்கூடத் திணிக்கவில்லை என்பதுதான் இதன் அழகு.

இப்போது அந்த எண். துளைகள் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1 முதல் 10 லட்சம் கோடி வரை. கார்பன் அணுக்கள் 1,570 லட்சம் கோடி. ஆக, நல்ல மாதிரியில்கூட நூற்றைம்பது மேற்பரப்பு அணுவுக்கு ஒரு துளைதான்.

எலக்ட்ரானை வாங்குவது ஹைட்ரோனியம்தான் என்று முடிவாகிவிட்டதா?

2007-இல் சக்ரபாணி முதலானோர், தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன்தான் முக்கியமான வாங்கி என்று சோதனைகளோடு வாதிட்டார்கள். எனக்கு அந்த வாதம் பிடிக்கும், ஏனென்றால் ஆக்சிஜனின் மட்டம் இன்னும் ஆழத்தில் இருக்கிறது, காற்றில் அதற்குப் பஞ்சமும் இல்லை. யார் வாங்கினாலும் அடிப்படை ஒன்றுதான். ஹைட்ரஜன் விளிம்பை மேலே தூக்கிக் கொடுக்கிறது, ஈரப்படலத்தில் இருக்கும் ஏதோ ஒன்று எடுத்துக்கொள்கிறது.

தண்ணீரே இல்லாமலும் செய்யலாம். 2004-இல் எர்லாங்கன் குழுவே வெற்றிடத்தில் சி60 ஃபுல்லரீன் (60 கார்பன்கள் பந்துபோல் சேர்ந்தவை) மூலக்கூறுகளைப் படியவைத்து அதே கடத்தலை வரவழைத்தது. பிறகு மாலிப்டினம் ஆக்சைடு, வனேடியம் ஆக்சைடு எல்லாம் வந்தன. இவை ஈரத்தைவிடச் சூட்டைத் தாங்கும்.

(தங்கக்கடை அண்ணன்) தம்பி, வைரத்தோட்டில் ஹைட்ரஜன் இருந்தால் நம்ம டெஸ்டர் ஏமாந்துடுமா?

வழக்கமான டெஸ்டர் பார்ப்பது வெப்பம் எவ்வளவு வேகமாகக் கல்லுக்குள் இறங்குகிறது என்பதை. அது முழுக் கல்லின் குணம். ஓர் அணு தடிமன் போர்வை அதை ஒன்றும் செய்யாது, பயப்படாதீங்கண்ணே.

உங்களுக்கு வேண்டிய விஷயம் வேறு. வைரத்தின் மேற்பரப்பு எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும், தண்ணீர் ஒட்டாது. தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் மசகு தடவிய மேசைமேல் நொறுங்கிய பாறையைத் தண்ணீரோடு ஓடவிட்டு, ஒட்டிக்கொண்ட வைரத்தை எடுத்தார்கள். நல்லெண்ணெய் தேய்த்துக் குளிக்கும் அம்மாக்களின் தோடு சீக்கிரம் மங்குவதும் இதே குணத்தால்தான்.

தண்ணீர் ஒட்டாத மேற்பரப்பு என்கிறீர்கள். பிறகு அதன்மேல் ஈரப்படலம் எப்படி?

ஆறாம் படிவ மாணவி ஒருத்தி கேட்டது. இதுவரை வந்ததில் நல்ல கேள்வி இதுதான். தண்ணீர் ஒட்டாது என்றால், ஒரு பெரிய சொட்டு பரவி உட்காராமல் உருண்டு நிற்கும் என்று பொருள். மூலக்கூறே படியாது என்று பொருளல்ல. காற்றில் திறந்து வைத்த எந்தப் பொருளின் மேலும் கொஞ்சம் ஈரம் படியும். எலக்ட்ரான் கைமாறிய பிறகு அயனிகளும் துளைகளும் ஒன்றையொன்று இழுப்பதால் படலத்துக்குப் பிடிமானமும் கூடுகிறது.

இந்தப் போர்வை எத்தனை நாள் தாங்கும்?

கார்பன்–ஹைட்ரஜன் பிணைப்பு உறுதியானது. அறை வெப்பத்தில் காற்றில் வைத்தால் மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். வெற்றிடத்தில் அதைக் கழற்ற ஏறத்தாழ 1,000 டிகிரி ஏற்ற வேண்டும். என் மாதிரியில் சில நூறு டிகிரியில் போனது ஈரம் மட்டும்தான், ஹைட்ரஜன் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தது. ஆக்சிஜன் பிளாஸ்மா, ஓசோன், கொதிக்கும் அமிலக் கலவை ஆகியவை போர்வையைச் சுலபமாக ஆக்சிஜனாக மாற்றிவிடும். ஒரே வைரத்தில் சில இடங்களை மறைத்து மற்றதை இப்படி மாற்றினால், கடத்தும் கோடும் கடத்தாத தரையுமாக மின்சுற்று வரையலாம்.

இதனால் என்ன பயன்?

டிரான்சிஸ்டர். 1994-இல் டோக்கியோவின் வசேடா பல்கலைக்கழகத்தில் கவராடா குழு இந்த மேற்பரப்புத் துளைகளை வைத்தே ஒன்று செய்து காட்டியது. செம்பைவிட ஐந்து மடங்கு வெப்பத்தைக் கடத்தும் பொருளில் டிரான்சிஸ்டர் செய்தால் அது சூட்டில் வெந்துபோகாது. அதிக மின்னழுத்தத்தையும் தாங்கும். போரானைக் கலந்தே செய்யலாமே என்று கேட்கலாம். போரான் தன் துளையை 0.37 எலக்ட்ரான் வோல்ட் ஆழத்தில் பிடித்து வைத்திருப்பதால் அறை வெப்பத்தில் கொஞ்சம்தான் விடுவிக்கும். அந்தத் தொல்லை இங்கே இல்லை.

ஆனால் துளையைக் கொடுத்த ஈரப்படலமே அதன் ஓட்டத்துக்கும் தடை. மேலே நிற்கும் அயனிகள் துளையை இடித்துத் திருப்பிவிடுகின்றன. அதனால் துளைகளின் இயக்கத்திறன், அதாவது மின்புலம் தள்ளும்போது அவை எவ்வளவு வேகமாக ஓடுகின்றன என்ற அளவு, பெரும்பாலும் 50 முதல் 150 (செ.மீ.²/வோல்ட்·நொடி) வரையிலேயே நின்றுவிடும். 2022-இல் வெளியான ஒரு ஜப்பானிய ஆய்வில், ஹைட்ரஜன் போர்த்திய முகத்தைக் காற்றே படாமல் போரான் நைட்ரைடால் மூடினார்கள். துளைகளை ஈரத்திடம் வாங்காமல் மின்வாயிலில் (டிரான்சிஸ்டரின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் முனையில்) கொடுத்த மின்னழுத்தத்தாலேயே வரவழைத்தார்கள். இயக்கத்திறன் 680 வந்தது. நான் நான்கு நாள் தேடிய காற்றை அவர்கள் வேண்டாம் என்று தள்ளியே ஜெயித்திருக்கிறார்கள்.

எல்லோருக்கும் ஹைட்ரஜன் பிடிக்காது. காந்தப்புலத்தை உணர, வைரத்துக்குள் இருக்கும் நைட்ரஜன்–வெற்றிட மையத்தை (ஒரு நைட்ரஜன் அணுவும் அதன் பக்கத்தில் கார்பன் இல்லாத காலியிடமும்) பயன்படுத்துகிறவர்களுக்கு அந்த மையத்தில் ஓர் எலக்ட்ரான் கூடுதலாக இருக்க வேண்டும். மேலே ஹைட்ரஜன் இருந்தால் தோலுக்கு அருகில் உள்ள மையங்கள் அதை இழந்துவிடும். அவர்கள் ஆக்சிஜன் பக்கம்.

எஸ்.டி.பி.எம். தேர்வில் வருமா?

வராது.

பெரிய கருவி இல்லாமல், ஒரு வைரத்தின் மேல் ஹைட்ரஜனா ஆக்சிஜனா என்று கண்டுபிடிக்க முடியுமா?

ஆய்வகத்தில் முதலில் செய்வது இதுதான். சுத்தமான வைரத் தகட்டின்மேல் ஊசியால் ஒரு சொட்டு சுத்த நீர் விட்டுப் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். சேம்பிலையில் நிற்கும் மழைத்துளி அளவுக்கு உருளாது, ஆனாலும் மேடாகக் குவிந்து நின்றால் ஹைட்ரஜன். தட்டையாகப் பரவினால் ஆக்சிஜன். விரல் பட்ட தகடாக இருந்தால் எண்ணெய்ப் பிசுக்கு ஏமாற்றிவிடும், முதலில் கழுவிக்கொள்ளுங்கள்.